கறள் பிடித்த கைத்துவக்கு



இலக்கிய நிகழ்ச்சியொன்றில் துவக்குக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். துவக்கைப் பற்றிப் பேச நம் நாட்டில் ஆட்களுக்குக் குறைவில்லை. அதன் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே எங்கள் தலைமுறை நரைத்துப்போயிற்று. இன்று நான் சொல்லவிருப்பது ஏறத்தாழ இருநூறு வருடப் பழைமையான ஒரு கைத்துவக்கையும், அதைத் திருத்திக் கொடுத்த ஒரு மனிதரையும் பற்றியது. ஒரு பழம் பொருளில் எதைத் திருத்தலாம், எதைத் தொடாமல் விடவேண்டும் என்ற கேள்வி, ஏட்டுச் சுவடிகளோடு மாரடித்த நம் பதிப்பாசிரியர்களுக்கும் வந்த கேள்விதான். ஆகவே இலக்கியத்திலிருந்து வெகுதூரம் போய்விடமாட்டேன் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன்.

முதலில் சொல்லையே பார்த்துவிடுவோம். துப்பாக்கி, துவக்கு இரண்டும் துருக்கிய மொழியின் 'துஃபெக்' என்ற சொல்லின் வழிவந்தவை என்பர். தமிழகத்தார் ஒன்றைத் தங்கள் பேச்சில் வைத்துக்கொண்டார்கள், நாங்கள் மற்றதை வைத்துக்கொண்டோம். சிங்களத்தில் அது துவக்குவ. துவக்கின் மேலே, பின்னுக்கு இழுத்து விடுகின்ற உறுப்பை நாம் குதிரை என்கிறோம். ஆங்கிலேயரும் ஜேர்மானியரும் அதைச் சேவல் என்றார்கள். ஒரே இரும்புத் துண்டு ஓரிடத்தில் பாய்கிறது, இன்னோரிடத்தில் கொத்துகிறது.

எங்கள் அப்புவிடம் இரட்டைக் குழல் துவக்கு ஒன்று இருந்தது. வன்னியில் வயல் செய்தவர். காட்டுப் பன்றிக்காகக் கச்சேரியில் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் திண்ணையில் பாய் விரித்துக் கிடத்தி, எண்ணெய் தொட்ட துணியால் துடைப்பார். பிள்ளைகள் நாங்கள் கிட்டப்போகக்கூடாது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஓரிரவு சிலர் வந்து அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். வந்தவர்கள் யார் என்பது இந்தக் கதைக்கு அவசியமில்லை. பிறகு தருவோம் என்றார்கள். அப்பு சாகும் வரைக்கும் எண்ணெய்ப் போத்தலும் துணியும் அதே இறப்பில் செருகியபடி இருந்தன. அன்றிலிருந்து துவக்கு என்ற பொருளைக் கையால் தொடுவதில்லை என்று ஒரு பிடிவாதம் எனக்குள் இருந்தது. ஆசிரியத் தொழிலில் ஓய்வு பெற்ற பின்பும் அது மாறவில்லை.

2022 கோடையில் மகளைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போயிருந்தேன். அவள் இருப்பது பேர்மிங்ஹாம் நகரில். பக்கத்து வீட்டுக்காரர் எண்பதைத் தாண்டிய வெள்ளைக்காரர், மனைவியை இழந்தவர். மதிலுக்கு மேலால் வணக்கம் சொல்லிப் பழக்கமானோம். நான் சரித்திரம் படிப்பித்தவன் என்று தெரிந்ததும் ஒருநாள் உள்ளே கூட்டிப்போய்ச் சுவரில் தொங்கிய கைத்துவக்கைக் காட்டினார். "என் பாட்டனாரின் பாட்டனார் குதிரைப்படையில் இருந்தவர். வாட்டர்லூவில் அவர் கையில் இருந்தது இது" என்றார்.

கறள் மண்டிப்போய் இருந்தது. பிடியில் ஒரு வெடிப்பு. பித்தளைப் பூண்கள் கறுத்துவிட்டன. ஒரு திருகாணியைக் காணவில்லை. பேரனுக்குப் பதினெட்டு வயது வரப்போகிறது, அதற்குள் திருத்திக் கையளிக்கவேண்டும் என்பது அவர் ஆசை. துணைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அவர் தனியப் போகமாட்டார். நீங்களும் ஒருக்காப் போட்டு வாங்கோவன். வீட்டிலையிருந்து என்ன செய்யப்போறியள்?" என்றாள் மகள்.

போனேன்.

பேர்மிங்ஹாமில் துவக்குத் தொழிலாளர் வாழ்ந்த பகுதிக்கு இன்றும் அந்தப் பெயர்தான். ஸ்டீல்ஹவுஸ் லேன், பிரைஸ் வீதி, லவ்டே வீதி என்று சில தெருக்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த புதிய சாலைகள் அதன் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. செங்கற் கட்டடங்கள் சிலதான் மிச்சம். ஆனால் 1804 இலிருந்து 1815 வரையான பதினோராண்டு நெப்போலியப் போர்க் காலத்தில், இந்தச் சிறு வட்டத்திலிருந்து பிரித்தானிய அரசுக்குப் போன துவக்குகள் பதினேழு இலட்சத்துக்குக் குறையாது. இதைவிட, லண்டனில் பூட்டுவதற்காக அனுப்பிய குழல்களும் விசைப்பொறிகளும் வேறு.

இதெல்லாம் பெரிய தொழிற்சாலையில் நடந்த வேலை என்று நினைத்துவிடாதீர்கள். குழல் செய்பவர் ஒருவர், விசைப்பொறியை அரத்தால் ராவிப் பொருத்துபவர் ஒருவர், மரம் இழைப்பவர் ஒருவர், பித்தளை வார்ப்பவர் ஒருவர், துளை கடைபவர் இன்னொருவர். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பின்கட்டில் வேலை செய்தார்கள். விசைப்பொறிக்குப் பக்கத்து ஊரான டார்லஸ்டன் பேர்பெற்றது. ஒருவர் முடித்ததை அடுத்தவரிடம் சேர்ப்பது பையன்களின் வேலை. ஒரு துவக்கு முழுமை பெறுமுன் அந்தத் தெருக்களை எத்தனையோ தரம் சுற்றிவிடும். குழல்களைச் சோதிக்க 1813 இல் பாராளுமன்றச் சட்டத்தின்படி ஒரு சோதனை மனை அமைத்தார்கள். வழக்கத்தைவிட அதிக மருந்து இட்டுச் சுடுவார்கள். வெடிக்காமல் தப்பிய குழலுக்கே முத்திரை. பான்பரி வீதியில் அந்த மனை இப்போதும் வேலை செய்கிறது.

நாங்கள் தேடிப்போன கைவினைஞரின் பட்டறை ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. வடக்குப் பார்த்த பெரிய யன்னல். அதன் கீழே, பல தலைமுறை முழங்கை தேய்த்து வழுவழுத்த வாங்கு. சுவர் முழுவதும் அரங்கள். நான் எண்ணத் தொடங்கி ஐம்பதில் விட்டுவிட்டேன். மனிதருக்கு எழுபது வயதிருக்கும். அவருடைய பாட்டனாரும் அதே தெருவில் குழல் ராவியவராம். வேலை பழகும் பெண்ணொருத்தியும் இருந்தாள். அவளுடைய முன்னோர் ஜமெய்க்காவிலிருந்து வந்தவர்கள்.

அவர் துவக்கைக் கையில் வாங்கியதும் அழகு பார்க்கவில்லை. முதலில் மெல்லிய மரக்கோல் ஒன்றை எடுத்துக் குழலுக்குள் இறக்கினார். வாயோரம் கோலில் பென்சிலால் ஒரு கோடு. பிறகு கோலை வெளியே எடுத்துக் குழலின் மேலே அதே அளவுக்கு வைத்துப் பார்த்தார். கோலின் நுனி, நெருப்புப் போகும் துவாரத்துக்கு ஒன்றரை அங்குலம் முன்னதாகவே நின்றுவிட்டது. மறுபடி அளந்தார். அதே இடம்.

ஒன்றும் பேசாமல் துவக்கின் வாயை மூலையிலிருந்த மணற்பெட்டியின் பக்கம் திருப்பி வைத்தார். பிறகுதான் சொன்னார்:

"உங்கள் துவக்கு இன்னும் நிரப்பியபடியே இருக்கிறது ஐயா."

கிழவரின் முகம் வெளுத்துவிட்டது. அவர் சிறுவனாக இருக்கையில் அதை வைத்துத் தம்பியோடு கள்ளன் பொலிஸ் விளையாடியிருக்கிறார். அவருடைய பிள்ளைகளும் விளையாடினார்கள். பேரன்கூட விசையை இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறான். கறள் இறுகிக் குதிரை அசையாமல் நின்றதே அந்தக் குடும்பத்தைக் காத்தது.

இது அபூர்வமல்ல என்றார் கைவினைஞர். வெடிமருந்து ஈரம் படாமல் அடைபட்டுக் கிடந்தால் நூறு வருடமானாலும் உயிரோடிருக்கும். யுத்தம் முடிந்த செய்தி அதற்குப் போய்ச் சேருவதில்லை. எனக்கு எங்கள் ஊர்க் காணிகளின் ஞாபகம் வந்தது. 2009 இல் யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும், கண்ணிவெடி அகற்றுபவர்கள் சிவப்பு நிறத் தடி நட்டு முழந்தாளில் இருந்து நிலத்தைக் கிண்டுகிறார்களே, அந்தக் காட்சி.

அடுத்த இரண்டு வாரமும் நானே வலியப்போய் அந்தப் பட்டறையில் குந்தியிருந்தேன். கிழவர் இடைக்கிடை வந்தார். எனக்கோ நாள் தவறினால் சோறு இறங்காது என்ற நிலை.

மரத்தில் நீர் படக்கூடாதென்று முதலில் குழலைக் கழற்றினார். குறுக்கே செருகியிருந்த சிறு ஊசிகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுக்கவே ஒரு காலை போயிற்று. பிறகு குழலை நிமிர்த்தி வைத்து நீரை வார்த்தார். ஏன் நீர்? கருமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். வெடியுப்பு நீரில் கரைந்துவிட்டால் மிச்சம் வெறும் சேறு. இந்த வெடியுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பிரித்தானியரின் மருந்துக்கு வேண்டிய வெடியுப்பின் பெரும்பகுதி வங்காளத்துக்கு மேற்கேயுள்ள பீகாரிலிருந்து கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்களில் போனது. மாட்டுத் தொழுவத்து மண்ணையும் பழஞ்சுவர் மண்ணையும் கழுவிக் காய்ச்சி எடுத்தவர்கள் அந்தப் பகுதியின் ஏழைத் தொழிலாளிகள். வாட்டர்லூவில் புகைந்த புகையில் முக்கால்வாசி நம் பக்கத்து மண் என்றால் அது வெறும் அலங்காரப் பேச்சில்லை. நம் தீவிலும் குகை மண்ணிலிருந்து வெடியுப்பு எடுத்தார்கள் என்பதை 1821 இல் வெளிவந்த ஜோன் டேவியின் நூலில் காணலாம்.

நான்கு நாள் ஊறிய பின், நுனியில் திருகு கொண்ட ஒரு நீண்ட கம்பியால் குண்டைப் பற்றி வெளியே இழுத்தார். வெண்சாம்பல் பூத்த ஈய உருண்டை. பின்னால் கறுத்த சேறு வழிந்தது. கிழவரின் உள்ளங்கையில் அதை வைத்தபோது அவர் வெகுநேரம் கையை மூடவில்லை.

விசைப்பொறியைக் கழற்றிய நாளை நான் மறக்கமாட்டேன். வெளித் தகட்டில் முடியும், அதன் கீழே ஜோர்ஜ் மன்னரின் எழுத்துகளும், 'டவர்' என்ற சொல்லும் வெட்டியிருந்தன. டவர் என்றால் லண்டன் கோபுரக் கோட்டை. கிழவர் பெருமையோடு, "கோட்டையிலேயே செய்தது" என்றார். கைவினைஞர் சிரித்தார். அது படைக்கல வாரியத்தின் அடையாளம் மாத்திரமே. இங்கே நாலு தெரு தள்ளி யாரோ ராவிய தகட்டுக்கும் அதே சொல்தான்.

தகட்டைத் திருப்பினார். வெளியே மன்னரின் பெயர். உள்ளே, எவர் கண்ணிலும் படாத இடத்தில், இரண்டு சிறிய எழுத்துகள். அதைச் செய்தவனின் பெயரின் தலையெழுத்துகள். பக்கத்தில் அரத்தால் போட்ட மூன்று கீறல். வில், கொக்கி, கட்டை என்று உள்ளே இருந்த ஒவ்வோர் உறுப்பிலும் அதே மூன்று கீறல். இளக்கமான இரும்பில் ராவிப் பொருத்திய பின் எல்லாவற்றையும் கழற்றித்தான் உலையில் இட்டு வலுவேற்றுவார்கள். கூட்டத்தில் ஒன்றோடொன்று மாறிவிடாதிருக்க இந்தக் கீறல். ஒரு துவக்கின் உறுப்பு இன்னொன்றுக்குப் பொருந்தாத காலம் அது. மரத்திலும் குழல் படுக்கும் பள்ளத்தில் வேறொருவனின் குறி இருந்தது.

நம் ஏடெழுதிகள் சுவடியின் கடைசி ஓலையில் ஆண்டும் மாதமும் தங்கள் பெயரும் எழுதி, பிழை பொறுக்கும்படி கேட்டு முடிப்பார்களல்லவா? பெரும்பாலோர் அந்த ஓலையைப் புரட்டுவதில்லை. எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

அன்று மாலை தேநீர் குடிக்கும்போது, அந்த இளம் பெண் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். இந்தத் தெருக்களில் செய்த துவக்குகள் மன்னரின் படைக்கு மட்டும் போகவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் மேற்கு ஆபிரிக்காவுக்கு ஆண்டுதோறும் ஒரு இலட்சத்துக்கு மேல் போயின என்பது அக்காலத்தவர் போட்ட கணக்கு. அங்கே அவை மனிதருக்கு விலையாகக் கொடுபட்டன. ஸ்டீல்ஹவுஸ் லேனில் தொழில் நடத்திய சாமுவேல் கோல்டன் ஆயுதமேந்துவதைப் பாவமென்று கருதும் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். ஜேம்ஸ் வாட் போன்ற அறிஞர்கள் கூடிய லூனர் சங்கத்திலும் உறுப்பினர். சபை அவரிடம் விளக்கம் கேட்டது. அவர் கொடுத்த பதிலின் சாரம் இது: அடிமைகள் விளைவித்த பொருளை வாங்கி உண்பவரும் உடுப்பவரும், போருக்கு வரி கட்டுபவரும் இதே பாவத்தில் பங்காளிகள், என்னை மட்டும் பிடித்துக் கேட்பது ஏன்? 1796 இல் சபை அவரை விலக்கிவைத்தது. விலக்கிய பின்னும் அவர் வழிபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். சில ஆண்டுகளில் துவக்குத் தொழிலை விட்டு வங்கித் தொழிலுக்கு மாறிவிட்டார்.

அந்தப் பதிலைக் குற்றவாளியின் சாமர்த்தியம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏற்கவும் மனம் வரவில்லை. அவள் கோப்பைகளைக் கழுவிவிட்டு அரத்தை எடுத்துக்கொண்டு வேலையில் உட்கார்ந்தாள்.

இனி, பிரச்சினைக்கு வருகிறேன். கிழவரின் துவக்கு பிறந்தபோது சக்கிமுக்கித் துவக்காகப் பிறந்தது. குதிரையின் வாயில் ஒரு தீக்கல் துண்டு இருக்கும். விசையை இழுத்ததும் அது உருக்குத் தகட்டில் உரசிப் பொறி பறக்கும். பொறி கிண்ணத்து மருந்தில் விழுந்து, துவாரத்தின் வழியாக உள்ளே நெருப்பு ஓடும். மழை பெய்தால் சங்கடம், காற்றடித்தாலும் சங்கடம். அலெக்ஸாந்தர் ஃபோசைத் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியாருக்கு இன்னொரு சங்கடம். கிண்ணத்தில் மின்னும் வெளிச்சத்தைக் கண்டு, குண்டு வருமுன்னரே பறவைகள் தப்பிவிடுகின்றனவாம். வேட்டைப் பிரியர். அடித்தால் வெடிக்கும் இரசாயனப் பொடியைப் பயன்படுத்தும் முறையைக் கண்டுபிடித்து 1807 இல் உரிமம் பெற்றார். அதன் வழிவந்ததுதான் செப்புத் தொப்பி. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் பழைய சக்கிமுக்கித் துவக்குகள் ஏராளமாகத் தொப்பித் துவக்குகளாக மாற்றப்பட்டன. கிண்ணத்தையும் உருக்குத் தகட்டையும் கழற்றிவிட்டு, ஆணித் துளைகளை அடைத்து, தொப்பி மாட்ட ஒரு முளை வைத்து, குதிரைக்குப் பதிலாகச் சுத்தியல் வைப்பார்கள். கிழவரின் துவக்குக்கும் அதுதான் நடந்திருந்தது. அடைத்த துளைகள் தகட்டில் தழும்புபோலத் தெரிந்தன.

கிழவர் கேட்டது, அதை மறுபடி சக்கிமுக்கியாக மாற்றித் தரும்படி. வாட்டர்லூவில் எப்படி இருந்ததோ அப்படி. அச்சில் வார்த்த புதிய கிண்ணமும் குதிரையும் வாங்கலாம். இரசாயனம் பூசிப் பழசாக்கவும் முடியும். சந்தையில் அதற்கு விலையும் கூட.

கைவினைஞர் மறுத்துவிட்டார்.

"நான் செய்தால் அது என் துவக்கு. உங்கள் பாட்டனாருடையது போல ஒன்று" என்றார்.

கிழவருக்குக் கோபம். காசு தருகிறேன், சொன்னதைச் செய்யுங்கள் என்றார். அப்போதுதான் கைவினைஞர், தயங்கித் தயங்கி, மரத்தில் ஓரிடத்தைக் காட்டினார். இரண்டு அம்புக் குறிகள், முனையோடு முனை முட்டியபடி. ஒற்றை அம்பு அரசாங்கச் சொத்தின் அடையாளம். முட்டிக்கொள்ளும் இரண்டு அம்புகள், அரசாங்கம் கழித்து விற்றுவிட்டது என்பதன் அடையாளம். அதாவது எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்று யாரும் சொல்ல முடியாது. வாட்டர்லூவைக் கண்டிருக்கலாம். களஞ்சியத்திலேயே கிடந்து, பிறகு யாரோ ஏலத்தில் மலிவாக வாங்கித் தொப்பித் துவக்காக்கி இரவுக் காவலுக்கு வைத்திருக்கவும் கூடும். குண்டு நிரப்பியதும் அந்தப் பிந்திய கைதான்.

கிழவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கள் சரித்திர ஆசிரியர். நீங்கள் சொல்லுங்கள்."

சங்கடமான நிலை. ஒரு முதிய மனிதரின் குடும்பக் கதையைத் தட்டிவிட நான் யார்? எங்கள் வீடுகளிலும் இப்படி எத்தனை கதைகள். நான் நேராகப் பதில் சொல்லவில்லை. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடும், 1887 இல் கலித்தொகையையும் அச்சேற்றியவர். தொட்டால் உதிரும் ஓலையோடு பட்ட பாட்டைத் தம் பதிப்புரையில் அழாக்குறையாக எழுதியவர். பிறகு உ. வே. சாமிநாதையரைப் பற்றிச் சொன்னேன். பதிற்றுப்பத்தை 1904 இல் பதிப்பித்தபோது முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. நூறு பாட்டில் இருபது இல்லை. பத்துப் பாட்டு எழுதிச் செருகுவது ஐயருக்கு ஒரு பெரிய காரியமா? செய்யவில்லை. எண்பதைத்தான் அச்சிட்டார். இன்றுவரை நாம் எண்பதைத்தான் படிக்கிறோம். தலைப்பு மட்டும் பதிற்றுப்பத்து.

இதையெல்லாம் அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு துவக்குப் பட்டறையில் நின்று சொன்னேன் என்று நினைக்க இப்போது சிரிப்பு வருகிறது. கிழவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். மூன்று நாள் மதிலோரம் தலை காட்டவில்லை. நாலாம் நாள் மகளின் வீட்டுக் கதவைத் தட்டி, "உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்" என்றார். அதற்கு மேல் அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிறகு வேலை அமைதியாக நடந்தது. கறளை எடுக்க உப்புத்தாள் பாவிக்கவில்லை. மெல்லிய எண்ணெயில் ஊறவிட்டு, ஒரு பழைய செப்புக் காசின் விளிம்பால் சுரண்டினார். செம்பு கறளைவிடக் கடினமல்ல என்று நான் வாதாடினேன். ஊறிய கறளுக்கு அது போதும், இரும்பைவிட மென்மையானதால் இரும்பில் கீறல் விழாது என்றார். சிவந்து தின்னுகிற கறளை மட்டும் எடுத்தார். கபில நிறமாக ஆறிப்போன மேற்படையைத் தொடவில்லை. பித்தளையைப் பளபளப்பாக்கவும் மறுத்துவிட்டார். பிடியின் வெடிப்புக்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பழைய பசை. இளஞ்சூடும் ஈரமும் பட்டால் அது கழன்றுவிடும் என்றார். அது குறைதானே என்று கேட்டேன். "எனக்குப் பின்னால் வருகிறவனுக்கு என் வேலை பிடிக்காவிட்டால்?" என்று திருப்பிக் கேட்டார்.

காணாமற்போன திருகாணிதான் அதிக நேரம் தின்றது. திருகாணிகளின் புரிக்கு ஒரு பொது அளவை ஜோசப் விட்வேர்த் முன்வைத்ததே 1841 இல்தான். அதற்கு முன் பட்டறைக்குப் பட்டறை வேறு புரி. ஆகவே பழைய துளையின் புரியை அளந்து, அதற்கென ஓர் அச்சுச் செய்து, ஒரே ஒரு ஆணியை வெட்டினார். முழு நாளும் அதற்கே. தலையின் அடிப்பக்கத்தில் தன் எழுத்தையும் 2022 என்ற ஆண்டையும் பொறித்தார். பூட்டிய பின் அது தெரியாது. ஏமாற்றாமல் இருப்பதற்காக என்றார். அடுத்தமுறை கழற்றுகிறவனுக்கு எது பழசு எது புதுசு என்று தெரியவேண்டும்.

வேலை செய்தபடியே ஒருநாள், "உங்கள் நாட்டில் துவக்குச் செய்பவர்கள் இருந்தார்களா?" என்று கேட்டார். நான் காத்திருந்த கேள்வி அது. போர்த்துக்கேயர் வந்து ஒரு நூற்றாண்டுக்குள் சிங்களக் கம்மாளர் துவக்குத் தொழிலில் அவர்களையே வியக்கவைத்ததையும், பதினாறாம் நூற்றாண்டின் முடிவில் எழுதிய ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன் அந்தக் குழல்களின் மினுக்கத்தைப் புகழ்ந்ததையும் சொன்னேன். கண்டித் துவக்குகள் பலவற்றில் விசைப்பொறி இடப்பக்கத்தில் இருக்கும் என்றதும் அரத்தைக் கீழே வைத்துவிட்டார். அங்கிருந்து கொஞ்ச நேரப் பயணத்தில் இருக்கும் புரோட் கேம்டன் என்ற ஊரில்தான் நம் ஆனந்த குமாரசுவாமி குடியிருந்து, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலை 1908 இல் கையச்சில், அதுவும் வில்லியம் மொரிஸ் பாவித்த அச்சுப்பொறியில் அடித்து முடித்தார். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. ஊர் தெரியும், ஆளைத் தெரியாது.

லெவ்கே திசாவையின் பீரங்கியைப் பற்றியும் சொன்னேன். பொன்னும் வெள்ளியும் வெண்கலமும் மாணிக்கமும் இழைத்த சிறு பீரங்கி. 1745 அளவில் கண்டி மன்னருக்குத் திசாவை கொடுத்த காணிக்கை. அப்போது அரியணையில் இருந்தவர் நாயக்கர் வமிசத்து ஸ்ரீ விஜய ராஜசிங்கன். 1765 இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடியபோது எடுத்துப்போனது, அந்நேரம் அம்ஸ்டர்டாம் நூதனசாலையில் இருந்தது. "திருப்பிக் கேட்கவில்லையா?" என்றார். கேட்கிறார்கள், கொடுக்கிறார்களோ தெரியாது என்றேன். அப்படிச் சொல்லும்போது, அப்புவின் எண்ணெய்ப் போத்தல் ஏனோ கண்முன் வந்தது.

எல்லாம் பூட்டி முடிந்த நாள், கிழவரும் நானும் போனோம். வாங்கின் மேல் ஒரு துணியில் கிடத்தியிருந்தது. புதிதுபோல இல்லை. வயதான, ஆனால் முகம் கழுவிய ஒரு மனிதரைப்போல இருந்தது. கைவினைஞர் அதை எடுத்து முதலில் என்னிடம் நீட்டினார். பிடிவாதத்தைப் பற்றி அவரிடம் சொல்ல வாய்க்கவில்லை. வாங்கினேன். எதிர்பார்த்ததைவிடப் பாரம். குளிர்ச்சி. சுத்தியலை மெல்ல இழுத்தபோது உள்ளே இரண்டு தரம் 'ளக்' 'ளக்' என்றது. இருநூறு வருடத்துக்கு முன் ஒருவன் ராவிப் பொருத்திய பற்கள். உடனே கிழவரிடம் கொடுத்துவிட்டேன்.

பேரனின் பிறந்தநாளுக்கு நானும் போயிருந்தேன். கிழவர் துவக்கைக் கொடுத்தபோது வாட்டர்லூ என்ற சொல் வருகிறதா என்று கவனித்தேன். வந்தது. "இருந்திருக்கலாம்" என்ற சொல்லும் கூடவே வந்தது. ஈயக் குண்டை ஒரு தீப்பெட்டிக்குள் பஞ்சில் வைத்துத் தனியாகக் கொடுத்தார். பையன் துவக்கைவிட அந்தத் தீப்பெட்டியைத்தான் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தான்.

2023 டிசம்பரில், லெவ்கேயின் பீரங்கியும் அதனோடு இரண்டு வாளும் ஒரு கத்தியும் இரண்டு துவக்கும் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு வந்து சேர்ந்தன. பத்திரிகையில் படம் பார்த்ததும் பட்டறைக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் சொன்னதை அவர் தன் உதவிப் பெண்ணுக்கும் உரக்கத் திருப்பிச் சொன்னது கேட்டது. பிறகு, "அடிப்பக்கத்தைக் கழற்றி யாராவது பார்த்தார்களா? செய்தவன் ஏதாவது குறி போட்டிருப்பான்" என்றார்.

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். கொழும்புக்குப் போகும்போது கேட்கவேண்டும்.